இலவச எஸ்.எம்.பி.எஸ்.ஸும் பல்பக்காவும்

பல்பக்காவின் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் அறை அது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். உள்ளே ஒரு மரச்சட்டத்தில் கார் முகப்பு விளக்குகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவை எரிந்தால் அக்கா வேலையில் இருக்கிறார். எரியவில்லை என்றால் சாப்பிடப் போயிருக்கிறார், அல்லது ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஏதாவது ஒன்றைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் கார் விளக்குக்கு என்ன வேலை என்று கேட்காதவர் குறைவு. அந்த விளக்குகள்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. வீட்டில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு தகரப் பெட்டி உண்டு. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, மற்ற பாகங்கள் தாங்குகிற அளவுக்குக் குறைத்து, ஏற்ற இறக்கமில்லாமல் கொடுப்பது அதன் வேலை. கடைத்தெருவில் அதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர் திரை எத்தனை அங்குலம் என்று கேட்பார், வேகத்தைக் கேட்பார், கீபோர்டில் விளக்கு எரியுமா என்றுகூடக் கேட்பார். இந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார். யாரும் கேட்காத பொருளில்தான் கை வைப்பது சுலபம். கம்ப்யூட்டரின் வெளிக்கூடான கேபினெட்டை மலிவாக வாங்கினால் உள்ளேயே இது பொருத்தப்பட்டு வரும். அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘எஸ்.எம்.பி.எஸ். இலவசம்’ என்று அச்சடித்திருப்பார்கள். பெட்டியின் முதுகில் ஐந்நூறு வாட் என்று ஒட்டியிருப்பார்கள். அச்சில் வந்துவிட்டால் உண்மை என்று நம்புவதற்குச் சிறு வயதிலிருந்தே பழக்கப்படுத்தப்பட்டவர்கள் நாம். ஒட்டியவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

அக்காவும் ஒரு காலத்தில் நம்பியவர்தான். பெரிய கடை ஒன்றில் கம்ப்யூட்டர் பூட்டும் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்து, பூட்டிய கம்ப்யூட்டர்கள் பழுதாகித் திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து, ஏன் திரும்பி வருகின்றன என்று கேட்கத் தொடங்கி, கேள்வி கேட்டதற்காகவே அங்கிருந்து அனுப்பப்பட்டவர். அந்தக் கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை இருந்தது. கையில் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. உள்ளே செம்பும் இரும்பும் நிறைய இருக்கிறது என்று பொருள். இலேசாக இருந்தால் போலி. அக்காவும் அப்படித் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினார். நல்ல கனமான ஒன்று, ஒரு மாணவியின் கம்ப்யூட்டரைப் புகையவிட்டது. திருகாணிகளைக் கழற்றித் திறந்தார். அடியில் ஒரு சிமெண்ட் துண்டு பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

“எனக்குக் கோவம் வரல, சிரிப்புதான் வந்தது” என்பார் அக்கா. “நாம எதை நம்புறோம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. கையை நம்புறான்னா கைக்கு ஒரு கல்லு. கண்ணை நம்புறான்னா கண்ணுக்கு ஒரு ஸ்டிக்கர்.”

அன்றிலிருந்து அவர் எதையும் தூக்கிப் பார்ப்பதில்லை. சுமை ஏற்றிப் பார்ப்பார். அவருடைய கணவர் கார்களுக்கு ஒயரிங் வேலை செய்கிறவர். அவரிடமிருந்து முகப்பு விளக்குகளை வாங்கிவந்து சட்டத்தில் மாட்டினார். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால், கம்ப்யூட்டர் இல்லாமலேயே அது ஓடத் தொடங்கும். அதில் ஒரு விளக்கை மாட்டுவார். பிறகு இரண்டாவது, மூன்றாவது. மீட்டரில் பன்னிரண்டு வோல்ட் காட்ட வேண்டும். சற்று இறங்கலாம், பதினொன்றரைக்குக் கீழே போகக் கூடாது. அப்படியே எரியவிட்டு வேறு வேலை பார்ப்பார். சூடேறிய பிறகும் முள் அசையவில்லை என்றால்தான் அது தேறியது. நல்ல பெட்டி அலட்டிக்கொள்ளாது. சும்மா இருக்கும்போது பன்னிரண்டு காட்டிய போலி, இரண்டாவது விளக்கிலேயே முனகத் தொடங்கும். அறை முழுக்க வெயில் அடித்ததுபோல் வெளிச்சமும் வெப்பமும் நிறையும்.

“ஊர்ல புருஷன் பொண்டாட்டிக்கு என்னென்னமோ வாங்கிட்டு வர்றான். எனக்கு வாய்ச்சது ஹெட்லைட்டு” என்பார், கணவர் காதில் விழும்படி.

“வாங்கிக் கொடுத்ததுக்குக் குறை. வாங்கித் தராதவனைக் கட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்பார் அவரும்.

மலிவான பொருள்களுக்கும் இலவசங்களுக்கும் அக்கா எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய அறையின் பாதியை அடைத்துக்கொண்டிருப்பதே இலவசப் பெட்டிகள்தான். பெரிய அலுவலகங்கள் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கி எறியும்போது, உள்ளிருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி எடுத்துக்கொள்ள அக்காவை அனுமதிப்பார்கள். தூசி படிந்து, நிறம் மங்கி இருக்கும். விளக்குகளை மாட்டினால் பல பெட்டிகள் புதியவற்றைவிட உறுதியாக நிற்கும். நிற்காதவற்றின் ஒயரை அப்போதே வெட்டிவிடுவார், மறந்துபோய்க்கூட யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. இலவசப் பெட்டியைப் போடலாமா கூடாதா என்று யாராவது கேட்டால் அவருடைய பதில் ஒன்றுதான்: “யாரு கொடுத்ததுன்னு கேக்காதீங்க. எவ்வளவுக்கு வந்ததுன்னும் கேக்காதீங்க. சுமை ஏத்திப் பாத்தாச்சான்னு கேளுங்க.”

இத்தனை தெளிவுள்ள அக்கா ஒரு முறை சறுக்கினார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதே அந்தச் சறுக்கலுக்குப் பிறகு அவர் செய்த காரியத்தால்தான்.

அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை, இவர்களோடுதான் இருக்கிறாள். குடித்து அடித்த கணவனை விட்டு வந்தவள். ஒரு டைப்பிங் அலுவலகத்தில் வேலை. மற்ற பெண்கள் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து டைப் அடிப்பார்கள். படங்களும் எழுத்துமாகப் புத்தகப் பக்கங்களை அமைப்பது இவள் பொறுப்பு. அந்தச் சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் அவள் வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசக் கற்றாள்.

ஒரு நாள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். அக்கா தட்டில் சோற்றோடு உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா, மேலுக்கு முடியலையா?”

“இனிமே வர வேணாம்னுட்டாரு அண்ணி.”

“யாரு?”

“முதலாளிதான், வேற யாரு. என் மெஷின் திரும்பத் திரும்ப அணைஞ்சு அணைஞ்சு எரியுதுன்னு அவருகிட்ட சொல்லிட்டே இருந்தேன். இன்னைக்கு ஹார்ட் டிஸ்க்கே போயிருச்சு. டாக்டர் ஒருத்தரோட புத்தகம், பாதி முடிச்சிருந்தேன். எல்லாம் போச்சு.”

“அதுக்கு உன்னை எதுக்கு அனுப்பணும்?”

நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எல்லாரும் ஒரே மாதிரி மெஷின்லதான் உக்காந்திருக்காங்க, உன்னோடது மட்டும் ஏன் படுத்துக்குதுன்னு கேட்டாரு. ராசி இல்லாத கை, பட்ட இடமெல்லாம் இப்படித்தான், அதான் குடும்பமும் தங்கலன்னாரு. எல்லார் முன்னாடியும்.”

ராசி! கட்டியவனிடம் அடி வாங்கி வெளியே வந்தால் ராசியில்லாதவள்; அடித்தவனுக்கு எந்த ராசியும் குறைவதில்லை. இயந்திரம் கெட்டால் காரணம் தேட வேண்டும். தேடுவதற்குச் சோம்பல் வந்தால் கையருகே ஒரு பெண் இருக்கிறாள், அவள் தலையில் போட்டுவிடலாம். மின்சாரத்தால் ஓடும் பொருளை வைத்துப் பிழைப்பு நடத்துகிற மனிதரின் அறிவு இந்த அழகில் இருந்தது.

அக்கா கோபப்படவில்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார். அந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைக் கட்டிக் கொடுத்தது அவர்தான். முதலாளி எங்கிருந்தோ மொத்தமாகக் கேபினெட்டுகளை வாங்கி வந்திருந்தார், எல்லாம் இலவச எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு. எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். “எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே ஸ்டிக்கர். ஒண்ணைப் பாத்தா போதாதா? நாளைக்கு ஆபீசைத் திறக்கணும்” என்று அவர் அவசரப்படுத்தினார். மேலே இருந்த ஒன்றை எடுத்து விளக்குகளில் மாட்டினார் அக்கா. அசையாமல் நின்றது. மற்றவற்றைச் சோதிக்காமலே பொருத்தினார்.

மாலையில் கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னார். அவர் யோசித்தார்.

“அந்தாளு உனக்குப் பெரிய வாடிக்கை. நீ போட்ட பொருள் கெட்டுப்போச்சுன்னு நீயே போய்ச் சொன்னா, நாளைக்குத் தெருவே சிரிக்கும். இவளுக்கு வேற வேலை பாத்துக்கலாமே?”

“வேற எடத்துக்குப் போனா இந்தப் பேரும் கூடவே போகும்ங்க. அங்க ஒரு மின்விசிறி நின்னாலும் இவ கையாலதான்னு சொல்லுவான்.”

“அப்ப நீ பண்ணது தப்புன்னு ஒத்துக்கப் போறியா?”

“தப்புதானே? நம்ம வீட்டுத் தப்புங்கிறதுக்காகச் சரியாயிருமா?”

அவர் விளக்குச் சட்டத்தைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை, புது ஹார்ட் டிஸ்க் போட அந்த முதலாளியே அக்காவைக் கூப்பிட்டிருந்தார். அக்கா போனார். கூடவே நாத்தனாரும். அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். “நீ இல்லாம உன்னைப் பத்திப் பேசுறது எனக்குப் பிடிக்காது” என்று அக்கா சொன்ன பிறகு வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். டைப் அடிக்கும் பெண்கள் கையை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

அக்கா புது டிஸ்க்கைப் போட்டார். வேறெதையும் தொடவில்லை. பிறகு எழுந்து நாற்காலியை முதலாளி பக்கம் தள்ளினார்.

“உக்காருங்க சார்.”

“நான் எதுக்கு?”

“அவ எனக்கு நாத்தனாரு. நான் உக்காந்து காட்டினா சொந்தக்காரிக்காக ஏதோ பண்றேன்னு உங்களுக்குத் தோணும். அதனால நீங்களே உக்காருங்க. அவ எப்பவும் செய்யற வேலைதான். படம் வெச்ச பக்கங்களைத் திறந்து, எல்லாத்தையும் சேத்து ஒண்ணா அச்சுக்கு அனுப்புங்க.”

முதலாளி உட்கார்ந்தார். அலுவலகத்தின் பொதுக் கோப்புகளில் இருந்த வேறொரு படப் புத்தகத்தைத் திறந்தார். பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முழுவதையும் அச்சுக்கு அனுப்பினார். இயந்திரத்தின் விசிறி இரைந்தது. திரை இருண்டது. சிறிது நேரத்தில் தானாகவே மறுபடி எரிந்தது.

“நான் ஒண்ணுமே பண்ணலையே!” என்றார் முதலாளி, இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி.

முன் வரிசையில் இருந்த பெண் வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள்: “சார், உங்க கைக்கும் ராசி பத்தல போல.”

யாரும் சிரிக்கக் கூடாது என்று முயன்றதாலேயே சிரிப்பு பலமாக வந்தது. முதலாளி முறைத்தார். அக்கா சிரிக்கவில்லை. பெட்டியைக் கழற்றி எடுத்து விளக்குகளில் மாட்டினார். மீட்டரை, சற்றுமுன் வாய்விட்ட அந்தப் பெண்ணிடமே கொடுத்தார்.

“நீ பிடிம்மா. என்ன காட்டுதோ சத்தமா சொல்லு.”

“பன்னெண்டு.”

அக்கா ஒரு விளக்கைச் சேர்த்தார்.

“பதினொண்ணே கால்.”

இன்னொன்று.

“பத்தரை... பத்து... அக்கா, ஏதோ கருகற வாசனை வருது.”

அக்கா இணைப்பைப் பிடுங்கினார். ஆறவிட்டுத் திருகாணிகளைக் கழற்றி, பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். உள்ளிருந்த பலகையில் பாகங்களுக்காக அச்சிட்ட இடங்கள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன. செம்புச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வெளியே அதே ஐந்நூறு வாட் ஸ்டிக்கர்.

“மத்த பொண்ணுங்க வெறும் எழுத்து அடிக்கிறாங்க. அந்த மெஷினுக்கு மின்சாரம் கொஞ்சம் போதும். இவ மெஷின்ல படம் காட்டற கார்டு ஒண்ணு கூடுதலா இருக்கு, டிஸ்க்கு ரெண்டு. சுமை அதிகம். இந்த ஆபீஸ்லயே கஷ்டமான வேலை இவகிட்டதான் இருக்கு சார். அதனாலதான் இவளோடது மட்டும் படுத்துது.”

எளிமையான உண்மை. கூடுதலாக உழைத்தவளின் இயந்திரம் முதலில் கெட்டது. கெட்டதை மட்டும் பார்த்தவர்கள் அவளுடைய உழைப்பைப் பார்க்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த உலகின் பாதிப் பழிகள் இப்படி இடம் மாறி விழுந்தவையாகத்தான் இருக்கும்.

முதலாளி பெட்டியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவருக்கும் ஒரு பிடி கிடைத்துவிட்டது.

“இருங்க. இதைப் போட்டது யாரு? சோதிச்சாச்சு, நல்லா இருக்குன்னு சொன்னது யாரு?”

அவசரப்படுத்தியது நீங்கள்தானே என்று அக்கா சொல்லியிருக்கலாம். ஒரே ஸ்டிக்கர் என்று சொன்னதும் நீங்கள்தான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மையே. அவர் சொன்னது வேறு.

“நான்தான். ஒண்ணை மட்டும் பாத்துட்டு எல்லாத்துக்கும் சரின்னு சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஸ்டிக்கரை நம்பாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ, அன்னைக்கு ஸ்டிக்கரை நம்பிட்டேன். டிஸ்க்கு போனதும், புத்தகம் போனதும் என் தப்புலதான் வருது. அவ தப்புல வரல.”

இதை அவர் தலை குனிந்து சொல்லவில்லை. மீட்டர் காட்டுவதைப் படிப்பதுபோல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சான்றைத் தேடுகிறேன் என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். சான்று தமக்கு எதிராகத் திரும்பும்போதும் அதை அதே குரலில் வாசிப்பவர் அபூர்வம். பட்டங்களும் பதவிகளும் உள்ள எத்தனை பேரின் அறிக்கைகளைப் படித்திருக்கிறோம்! விபத்து நடக்கும், விசாரணை நடக்கும், கடைசியில் கீழே இருக்கும் ஒருவரின் கவனக்குறைவு என்று முடியும். மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் இந்தப் பெண்மணி, தன் பிழைப்பு ஆட்டம் காணும் இடத்தில் நின்றுகொண்டு, பழியை அது சேர வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். அந்த இடம் அவரேதான் என்பதால் அவர் குரல் இறங்கவில்லை.

“அப்ப இனிமே என் ஆபீஸ் வேலைக்கு உங்களைக் கூப்பிட முடியாது” என்றார் முதலாளி.

“சரிங்க. இன்னைக்கு வேலையை முடிச்சிட்டுப் போறேன்.”

எல்லா மேசைகளிலிருந்தும் பெட்டிகளைக் கழற்றி ஒவ்வொன்றாக விளக்குகளில் மாட்டினார். சில தேறின. சில முனகின. ஒன்று பட்டென்று சத்தம் போட்டு எல்லோரையும் துள்ள வைத்தது. தேறாதவற்றுக்குப் பதிலாகத் தன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த, இன்னும் சோதிக்காத பழைய பெட்டிகளை வெளியே எடுத்தார். முதலாளி ஒன்றை எடுத்துத் தூசியைத் தட்டினார்.

“இது எங்கேருந்து?”

“ஒரு ஆபீஸ்ல தூக்கிப் போட்டது. இலவசம்தான்.”

“நல்லா இருக்கே கதை! நான் வாங்கின இலவசம் குப்பை, நீங்க குப்பையிலேருந்து எடுத்த இலவசம் தங்கமா?”

“தங்கம்னு நான் சொல்லலையே. மாட்டிப் பாருங்க.”

மாட்டினார்கள். இம்முறை மீட்டரை முதலாளியே பிடித்தார். மூன்று விளக்கும் எரிந்தன. அவர் முகமெல்லாம் வெளிச்சம். பன்னிரண்டுக்குச் சற்றே கீழே முள் நின்றது. ஒரு சுற்று டீ முடியும் வரை காத்திருந்தார்கள். நின்ற இடத்திலேயே நின்றது. அந்தப் பழைய பெட்டிகளிலும் ஒன்று தேறவில்லை. அக்கா அங்கேயே அதன் ஒயரை வெட்டிப் போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் முதலாளி மற்றவற்றை வாய் பேசாமல் ஏற்றுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

“சரி. நாளையிலேருந்து அவளை வரச் சொல்லுங்க” என்றார் அக்காவிடம், மெதுவாக.

“வாசல்லதான் நிக்கிறா. நீங்களே சொல்லலாம்.”

நாத்தனார் உள்ளே வந்தாள். தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உட்காரவில்லை.

“நேத்து சத்தமா சொன்னீங்க சார். இன்னைக்கு மெதுவா சொல்றீங்களே?”

“என்ன சொல்லணும்ங்கிற? மெஷின்தான் கெட்டுப்போச்சு. அதான் எல்லாரும் பாத்துட்டாங்களே.”

“மெஷினைப் பத்திச் சரி. என் கையைப் பத்திச் சொன்னது?”

கீபோர்டுகள் எல்லாம் நின்றுவிட்டன. முதலாளி பெண்களை ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோவத்துல சொன்னது. சொல்லியிருக்கக் கூடாது. போதுமா?” என்றார். குரல் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“போதும் சார்” என்று நாத்தனார் உட்கார்ந்தாள்.

டாக்டரின் புத்தகம் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். அவ்வளவையும் அவள் ஒருத்தியாக அடித்தால் சொன்ன தேதிக்கு முடியாது என்று முன்வரிசைப் பெண்தான் எழுந்துவந்து சொன்னாள். கையெழுத்துப் பிரதியை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். அக்கா விளக்குச் சட்டத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே கீபோர்டுகளின் சத்தம் தொடங்கியது. தொடங்கிய வேகத்திலேயே தடைப்பட்டது. டாக்டரின் கையெழுத்து, பாதிப் புத்தகத்தை ஏற்கெனவே முடித்திருந்த நாத்தனாரைத் தவிர யாருக்கும் பிடிபடவில்லை. பாதி எழுத்துகள் படுத்துக் கிடந்தன, மீதி எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

“ஏங்க, இது கல்லீரலா மண்ணீரலா?”

“இந்த வரி முழுசா என்னன்னே தெரியலயே, கொஞ்சம் பாருங்களேன்.”

“எனக்கு முதல்ல சொல்லுங்க, நான் முன்னாடியே கேட்டேன்.”

“ஏம்மா, இங்கயும் ஒரு நிமிஷம் வா” என்றார் முதலாளி. அவரும் ஒரு பத்துப் பக்கம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இருங்க சார், வரிசையாத்தான் வர முடியும்” என்றாள் நாத்தனார்.